தாயின் அம்மையும் சேயின் மூளையும்

'நோய் எதிர்ப்புச் சக்தி' என்னும் சொல் இன்று பெருவழக்காயுள்ளது. கிருமிகளோடு போரிடுவதே அதன் ஒரே தொழில் என்றும், அது மிகுந்தோறும் நன்மையே என்றும் அச்சொல் நம்மை எண்ணச் செய்கிறது. இவ்விரு எண்ணங்களும் திருத்தப்பட வேண்டியவை.

மூளையில் மைக்ரோகிளியா என்னும் நுண்ணிய உயிரணுக்கள் உள்ளன. ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானி தெல் ரியோ ஒர்த்தேகா 1919இல் இவற்றைத் தனி வகையாக விவரித்தார். எதிர்ப்பு மண்டலத்தைச் சேர்ந்த இவை, கருப்பருவத்தின் தொடக்கத்திலேயே மூளையில் குடியேறுகின்றன. வளரும் மூளை, நரம்பணுக்களிடையே தேவைக்கு மேற்பட்ட இணைப்புகளை உண்டாக்குகிறது. தோட்டக்காரன் மிகைக் கிளைகளைக் கழிப்பதுபோல இவை அவ்விணைப்புகளைக் களைவது சுண்டெலிகளிடத்தே காட்டப்பட்டுள்ளது. கருவுற்ற சுண்டெலியின் எதிர்ப்பு மண்டலம் கடுமையாகத் தூண்டப்படின், குட்டிகளின் மூளையமைப்பும் நடத்தையும் மாறக் கூடும் என்பதும் ஆராய்ச்சியின் முடிபு.

எலியின் கதையை மனிதருக்கு அப்படியே ஏற்றிச் சொல்லலாகாது. ஆட்டிசத்தில் மரபின் பங்கே பெரிது. சாதாரணக் காய்ச்சல் கண்ட தாயைப் பின்னர்ப் பழித்தல் விஞ்ஞானமும் அன்று, நியாயமும் அன்று. எனினும், ஐயத்திற்கிடமற்ற ஓர் உதாரணம் உண்டு. அதுவே ருபெல்லா என்னும் ஜெர்மன் தட்டம்மை. கருவுற்ற தாய்க்கு இது கண்டால் குழந்தைக்குக் கண்புரை உண்டாதலை ஆஸ்திரேலிய மருத்துவர் நார்மன் கிரெக் 1941இல் அறிவித்தார். 1964இல் அமெரிக்காவில் பரவிய ருபெல்லாவால் கருவிலேயே பாதிக்கப்பட்ட 243 குழந்தைகளை ஸ்டெல்லா செஸ் ஆராய்ந்து, 18 பேரிடம் ஆட்டிசம் முழுமையாகவோ பகுதியாகவோ இருப்பதைக் கண்டார். இங்கே வைரஸ் கருவை நேரடியாகவே தாக்குகிறது. உடன் எழும் அழற்சியும் தீங்கைப் பெருக்கக் கூடும்.

ஆகவே, தடுப்பூசியே ஆட்டிசத்தை உண்டாக்குகிறது என்னும் வதந்தி உண்மையைத் தலைகீழாக்குவதாகும். அவ்வதந்திக்கு வித்திட்ட 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை, வெளியிட்ட 'லான்செட்' இதழே 2010இல் திரும்பப் பெற்றது. ஆயினும் 2017இல் தமிழ்நாட்டில் தட்டம்மை–ருபெல்லா இயக்கம் தொடங்கியபொழுது பெற்றோர் பலரை வதந்திகள் அச்சுறுத்தின. மகாராஷ்டிரத்தில் அவ்வியக்கம் 2018 நவம்பரில் தொடங்கியது. செம்பூரை அடுத்த கோவண்டியில் 2022இல் தட்டம்மை பரவியபொழுது, நோயுற்றோரில் பலர் தடுப்பூசி பெறாத குழந்தைகளாயிருந்தனர்.

தாராவி, மாதுங்கா, செம்பூர்ப் பகுதிகளில் வீடுதோறும் செல்லும் ஊழியர்கள் இரு செய்திகளை வற்புறுத்த வேண்டும். முதலாவது, 9 முதல் 12 மாதத்தில் ஒன்றும், 16 முதல் 24 மாதத்தில் மற்றொன்றுமாக இரு தவணைகளும் தவறலாகாது. இரண்டாவது நாம் அதிகம் பேசாதது. 15 வயதுக்குட்பட்டோருக்கே அவ்வியக்கம் நடந்தது. அன்று அவ்வயதைக் கடந்திருந்த பெண்கள் பலர் இன்று தாய்மைப் பருவத்தினர். இவர்கள் கருவுறுமுன் மருத்துவரைக் கலந்துகொள்ளல் வேண்டும். கருவுற்றபின் இத்தடுப்பூசி இடலாகாது.

ஆசிரியர் கடமையும் சிறிதன்று. அழைத்தும் திரும்பாத, பேச்சு வராத குழந்தையை மந்தமென்று ஒதுக்காமல், முதலில் செவிப்புலனைச் சோதிக்க அனுப்புக. ருபெல்லா செவியையும் கெடுக்க வல்லது. ஆட்டிசமெனத் தெரிந்தால், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அக்குழந்தைக்கும் உண்டு என்பதைப் பெற்றோருக்கு உணர்த்துக. எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கி ஆட்டிசத்தைப் போக்குவதாக விற்கப்படும் டானிக்குகளில் அவர்கள் பொருளை இழக்காதபடி காப்பதும் நம் பொறுப்பே.