டிரைவர் ஏன் வாந்தி எடுப்பதில்லை?

நெய்க்காரப்பட்டி வெல்ல மண்டியில் கணக்கு எழுதும் நண்பர் கேட்டார்: ‘‘பழனியில ஏறி கொடைக்கானல் போறோமுங்க. நாலு வளைவு திரும்பினா குடலே வெளிய வந்துருது. அந்த டிரைவர் மட்டும் முறுக்குத் தின்னுட்டே ஓட்டறாரே, எப்படிங்க?’’

நியாயமான கேள்வி.

நாம் நகர்கிறோமா இல்லையா என்று மூளைக்குச் சொல்ல ஒரு ஆள் போதவில்லை. ஒரு கமிட்டியே இருக்கிறது. கண் ஒரு மெம்பர். உட்காது இன்னொன்று. அதில் பக்கத்துக்கு மூன்று அரைவட்டக் குழாய்கள், உள்ளே திரவம். தலை திரும்பினால் திரவம் சற்றுப் பின்தங்கும். நுண்ணிய மயிர்கள் வளைந்து ‘திரும்பறோம் சார்’ என்று தகவல் கொடுக்கும். முன்னே பின்னே, மேலே கீழே போவதைச் சொல்லத் தனியாகச் சுண்ணாம்புப் படிகங்கள். போதாதென்று தோல், தசை, மூட்டு.

கமிட்டி என்றால் சண்டை இல்லாமலா? திண்டுக்கல் ஜங்ஷனில் பக்கத்து ரயில் கிளம்பினால் நம் ரயில் பின்னால் போவது போலிருக்கும். அங்கே கண் ஜெயிக்கிறது. மலை பஸ்ஸில் குனிந்து பத்திரிகை படித்தால் கண் ‘சும்மா உட்கார்ந்திருக்கோம்’ என்கிறது. காது ‘இல்லவே இல்லை, சுழல்றோம்’ என்கிறது. ஏதோ விஷத்தைத் தின்றுவிட்டோம் என்று மூளை முடிவு கட்டி, வயிற்றைக் காலி செய்கிறது. இது 1977ல் டிரைஸ்மன் என்பவர் சொன்ன ஊகம்.

டிரைவருக்குச் சண்டையே இல்லை. கண் ரோட்டில், அடுத்த வளைவு எப்போது என்று திருப்புகிற கைக்கே தெரியும். ஆகவே முன் சீட்டில் உட்கார்ந்து, தூரத்து ரோட்டைப் பாருங்கள்.

காதே சாட்சி சொல்லாவிட்டால்? 1950களின் கடைசியில் அமெரிக்கக் கடற்படை, காலடெட் கல்லூரியைச் சேர்ந்த 11 காது கேளாதவர்களைச் சோதித்தது. உட்காதின் சமநிலை உறுப்பு பாழானவர்கள். கொந்தளிக்கும் கடலில் அவர்கள் ஜாலியாகச் சீட்டு விளையாட, ஆராய்ச்சியாளர்கள் வாந்தி எடுத்துப் பரிசோதனையையே நிறுத்தினார்கள்!

வாந்தி போகட்டும், கழுவிவிடலாம். உயிர் போகிற சமாச்சாரம் வேறு. உட்காதுக்கு வேகம் தெரியாது. வேகம் மாறுவதுதான் தெரியும். ஒரே சீராகப் பறந்தால் அது தூங்கிவிடும். அப்புறம் வேகத்தைச் சொல்வது கண்ணும், காற்றும், சத்தமும், அதிர்வும்தான். ஏ.சி. காரில் கண்ணாடியை ஏற்றிப் பாட்டைப் போட்டால் அதில் மூன்று அவுட். பைக்கில் இயர்போன் மாட்டினால் சத்தம் அவுட். கண்ணும் பழகிப்போகும்: அரை மணி 100ல் வந்தவனுக்கு ஊருக்குள் 60 என்பது ஊர்வது போலிருக்கும். எதிரே கரும்பு லோடு டிராக்டர் திரும்பும்போதுதான் உண்மை தெரியும். 40ல் பிரேக் பிடித்து நிற்கிற தூரத்தைப் போல நாலு மடங்கு வேண்டும், 80ல் நிற்க.

ஸ்பீடாமீட்டர் மட்டும்தான் இந்தக் கமிட்டியில் சேராத ஆள். ஊர் எல்லை வந்தால் அதை ஒரு தரம் பாருங்கள், தம்பி!