இயந்திரத்தின் கண் யாருக்காகப் பார்க்கிறது?

திராட்சைக் காய்களை எண்ணுவதற்குக் காமிராவும் கணினியும் வந்துவிட்டன. அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2011-ம் ஆண்டிலேயே இதைச் செய்து காட்டினார்கள். வண்டியில் காமிராவையும் விளக்கையும் பொருத்திக் கொடி வரிசைகளினூடே ஓட்டினார்கள். பச்சை இலைகளுக்கு நடுவே பச்சைக் காய்கள். நிறத்தை மட்டும் நம்பிப் பயனில்லை. ஆகவே உருண்டை வடிவத்தையும் தோலின் தோற்றத்தையும் கொண்டு கணினி காய்களை அடையாளம் கண்டது.

நல்ல கண்டுபிடிப்புத்தான். சில கொடிகளைப் பொறுக்கி, குலைகளை எண்ணி, எடை போட்டு, அதைக் கொண்டே தோட்டம் முழுவதற்கும் கணக்குச் சொல்வது பழைய முறை. கொடிக்குக் கொடி காய்ப்பு மாறுவதால் கணக்கும் தவறும். விஞ்ஞானம் இக்குறையைத் தீர்க்குமானால் உழைப்பாளி மக்கள் அதை ஏன் எதிர்க்க வேண்டும்?

ஆனால் அந்தக் கணக்கு யார் கையில் இருக்கிறது? விளைச்சலை முன்கூட்டியே அறிந்த முதலாளி மது ஆலையோடு தெம்பாக விலை பேசலாம். எத்தனை ஆள், எத்தனை நாள் என்று தீர்மானிக்கலாம். கூலி பேச வரும் தொழிலாளிக்கோ ஒன்றும் தெரியாது. ஒருவன் கண்ணைக் கட்டிவிட்டு நடத்தும் பேரம் நியாயமான பேரமா?

இத்தனைக்கும் இலை மறைத்த காய்களைக் காமிரா காண்பதில்லை. கையால் பறித்து எண்ணிய மாதிரிகளோடு ஒப்பிட்டே கணினியின் கணக்கைத் திருத்துகிறார்கள். மனித உழைப்பு இல்லாமல் இந்தக் கண்ணுக்கும் பார்வை இல்லை!

கலிபோர்னியாவின் சரித்திரத்தைப் பாருங்கள். 1965 செப்டம்பர் 8 அன்று டெலானோ திராட்சைத் தோட்டங்களில் பிலிப்பினோ தொழிலாளர்கள் லாரி இட்லியாங் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தார்கள். மணிக்கு 1.40 டாலர் கூலி கேட்டார்கள். சில நாட்களில் மெக்சிக வம்சாவளித் தொழிலாளர்களும் சேர்ந்தார்கள். 1970-ல்தான் பெரும்பாலான முதலாளிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதே மாநிலத்தில் தக்காளி அறுவடை இயந்திரத்தை அரசுப் பல்கலைக்கழகமே உருவாக்கியது. பணம் பொதுமக்களுடையது, லாபம் பெரும் பண்ணைகளுக்கு, வேலையிழந்தது தொழிலாளி. இந்த அநியாயத்தை எதிர்த்து 1979-ல் வழக்கே தொடரப்பட்டது.

அந்தக் கதை திராட்சையிலும் திரும்பலாமா? விளைச்சல் கணக்கைத் தொழிற்சங்கத்துக்கும் கொடுக்க வேண்டும். காய்களைப் பார்க்க வந்த காமிராவைத் தொழிலாளியின் கைவேகத்தை அளக்கத் திருப்பக் கூடாது. புதிய கருவியை இயக்கும் பயிற்சியும் வேலையும், தோட்டத்தில் ஏற்கெனவே பாடுபடுவோருக்கே முதலில் கிடைக்க வேண்டும்.

இயந்திரத்தின் கண் திறந்திருக்கட்டும். அது காண்பதைக் கொடி வளர்த்தவனும் காணட்டும்!