மரத்த காலுக்கும் நடை வேண்டும்

கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில், பூக்கடை முன்னால் ஓர் அம்மாவின் இடது செருப்பு கழன்று கிடந்தது. அவர் பத்தடி தள்ளிப் போய்விட்டார். பூக்காரர் கூப்பிட்ட பிறகுதான் குனிந்து காலைப் பார்த்தார். "இனிப்பு நீர் தம்பி, காலு மரத்துப் போச்சு. நடக்கவே வேணாம்னு வீட்ல சொல்றாங்க" என்றார்.

அக்கறையில் சொல்வதுதான். ஆனாலும் தவறான யோசனை.

2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. நாட்டின் சராசரி அப்போது 18.3. இந்த நோயில் நரம்புக்கேடு பெரும்பாலும் பாதத்தில்தான் தொடங்கும். முதுகுத்தண்டிலிருந்து கால்விரல் வரை ஏறக்குறைய ஒரு மீட்டர் ஓடும் நரம்புதான் உடலிலேயே நீளமானது. அதற்கு ரத்தம் கொடுப்பவையோ மயிரிழையிலும் மெல்லிய குழாய்கள். ஆண்டுக்கணக்கில் ஏறிய சர்க்கரை அந்தக் குழாய்களையும் நரம்பையும் சேர்த்தே கெடுக்கிறது. இங்கேதான் நடை உதவுகிறது: நடக்கும்போது கெண்டைக்கால் தசை இன்சுலினுக்குக் காத்திராமல் ரத்தத்துச் சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. ரத்த ஓட்டமும் கூடுகிறது.

இத்தாலியில் பால்டூச்சி குழுவினர், நரம்புக்கேடு இன்னும் வராத 78 நீரிழிவு நோயாளிகளை நான்கு ஆண்டுகள் கவனித்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். வாரம் 4 மணி நேரம் வேகநடை நடந்தவர்களில் 6.45 விழுக்காட்டினருக்கே உணர்வு நரம்பு கெட்டது, நடக்காதவர்களில் 29.8. ஏற்கெனவே மரத்துப்போனவர்களுக்கு? அமெரிக்காவின் கன்சாஸில் 17 பேர் 10 வாரம் நடை போன்ற உடற்பயிற்சியும் தசைப்பயிற்சியும் செய்தபின், தோலுக்குள் நரம்பிழைகள் புதிதாகக் கிளைத்திருந்தன. சிறிய ஆய்வுதான், எனக்கு அதுவே பெரிய ஆறுதல். மிசூரியில் 2008இல் வெளியான ஆய்வு, பாதத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டு நடந்தால் மரத்த காலில் புண் கூடுவதில்லை என்றும் காட்டியது.

நடைக்குப் புதியவர்களல்ல நாம். விடியுமுன் ரப்பர் நிரையில் மரத்துக்கு மரம் நடந்தவர்களின் பேரப்பிள்ளைகள். தைப்பூசத்துக்கு ஜாலான் துன் எச்.எஸ். லீ மாரியம்மன் ஆலயத்திலிருந்து பத்துமலைக்கு 15 கிலோமீட்டர் வெறுங்காலோடு போய் 272 படியும் ஏறுகிறோம். ஆனால் ஒரு நடையின் பலன் தசையில் இரண்டு மூன்று நாளுக்கு மேல் நிற்காது. கால் மரத்தவருக்கு வெறுங்கால் நடை ஆபத்தும்கூட: தார் சுட்டுக் கொப்புளம் வந்தாலும் தெரியாது. மூடிய காலணியோடு நடந்து வந்து, அடிவாரத்தில் கழற்றி வைத்து ஏறினால் வேண்டுதலுக்குக் குறை வராது என்றே நம்புகிறேன்.

தினசரி அரைமணி நடை, பின்பட்டி வைத்த காலணி, இரவில் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்ப்பது: இவ்வளவு போதும் தொடங்க. புண் இருந்தால் ஆறும்வரை நடை வேண்டாம். இன்சுலின் போடுபவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். கிளினிக் கெசிஹாத்தானில் கண்ணை மூடச் சொல்லி, நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, "தெரியுதா?" என்று கேட்பார்கள். செய்யாவிட்டால் அந்தச் சோதனையை நீங்களே கேட்டு வாங்குங்கள்.

நகராண்மைக்கும் ஒரு வேலை உண்டு. பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும் ஐந்தடி நடைபாதையை மோட்டார் சைக்கிளும் கடைச் சரக்கும் அடைத்துக்கொண்டால், உணர்வில்லாத காலோடு அந்த அம்மா இறங்கி நடக்க வேண்டியது லாரி போகும் ரோட்டில்.