வரம்பை வெட்டு, கண்டல் வரும்



1980களில் புத்தளம் களப்போரக் கண்டலை வெட்டி இறால் குளம் தோண்டினார்கள். 1996இல் வெண்புள்ளி நோய் பரவியது. பல குளங்கள் கைவிடப்பட்டன. கூலியும் போயிற்று, மீன்குஞ்சு வளர்ந்த கண்டலும் போயிற்று.

அங்கே கன்று நட்டுப் படம் பிடித்தால் போதாது. வரம்பு நீரை மறிக்கும்வரை மண்ணில் உப்பு ஏறும், கன்று கருகும். உமரி மட்டுமே படரும். வரம்பை வெட்டிக் களப்புநீர் ஏறியிறங்க விட்டால், கண்ணா தானே முளைக்கும். மிதந்துவரும் கண்டல் காய்களும் வேர்விடும்.

ஆகவே எமது கோரிக்கை: கன்று நடும் விழாவுக்கு முன் வரம்பு வெட்டும் வேலை. அது கனமூலை போன்ற களப்போர ஊர்த் தொழிலாளருக்கே, முழுச் சம்பளத்துடன். அழிக்கவும் எம் மண்வெட்டிதான் வேண்டியிருந்தது; மீட்கவும் அதுவே வேண்டும்.