மூன்றாம் மாதம் கொடுக்கிற மாத்திரை

நண்பர்களே, இன்று கொஞ்சம் காட்டமாகத்தான் எழுதுகிறேன்.

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று நம் பக்கம் எங்கே பார்த்தாலும், கல்யாணம் முடிந்த அடுத்த மாதமே "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்க பத்துப் பேர் இருக்கிறோம். "ஃபோலிக் ஆசிட் மாத்திரை போடுறியாம்மா?" என்று கேட்க ஒருத்தரும் இல்லை.

கணக்கைப் பாருங்கள். கரு உண்டாகி 28 நாளுக்குள் குழந்தையின் நரம்புக்குழாய் மூடிவிட வேண்டும். மூளையும் தண்டுவடமும் அதிலிருந்துதான் வருகின்றன. மூடாவிட்டால் முதுகெலும்பு பிளந்தோ, மண்டையோடு உருவாகாமலோ பிள்ளை பிறக்கும். அந்த 28-ம் நாளில் அந்தப் பெண்ணுக்கு நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும். வேலை அலுப்பு என்று நினைத்துக்கொண்டிருப்பாள்.

முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிக்கு 12 வாரத்துக்குள் பதிவு செய்யச் சொல்கிறார்கள். நல்லது, செய்யுங்கள். ரத்தசோகைக்கு அப்போது தரும் மாத்திரையும் அவசியம். ஆனால் நரம்புக்குழாய்க்கு அது பரீட்சை முடிந்தபின் கொடுக்கிற ஹால் டிக்கெட்.

இதொன்றும் புதுச் சங்கதி இல்லை. பம்பாயில் கர்ப்பிணிகளின் ரத்தசோகையை ஆராய்ந்து இந்தச் சத்துக்கு வழிகாட்டிய டாக்டர் லூசி வில்ஸ், 1931-ல் நம் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். ஏற்கெனவே இப்படிக் குறையோடு கரு உண்டான பெண்கள், அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே மாத்திரை போட்டால் 72 சதவீதம் தடுக்கலாம் என்று 1991-லேயே நிரூபித்துவிட்டார்கள். 1998 முதல் அமெரிக்காவில் மாவிலேயே கலக்கிறார்கள். கர்ப்பத்துக்கு முயலும் நாள் முதல் 12 வாரம் வரை தினம் 400 மைக்ரோகிராம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நம் ஊரில்? பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நீல மாத்திரை. அதிலும் 500 மைக்ரோகிராம்தான். வாரம் ஒருமுறை என்றால் 2,800 வேண்டும் என்பது அதே நிறுவனத்தின் கணக்கு. 20 முதல் 49 வயதுப் பெண்களுக்கும் வாரா வாரம் உண்டு என்று காகிதத்தில் இருக்கிறது. உங்கள் தெருவில் வாங்கியவர்கள் கை தூக்குங்கள், பார்க்கலாம்.

"கீரை போதாதா சார்?" என்பீர்கள். முருங்கை, பசலை, பயறு எல்லாம் சாப்பிடட்டும். ஆனால் குழையக் குழைய வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டினால் சத்தில் பாதி சாக்கடைக்குத்தான். அதனால்தான் மாத்திரையும் வேண்டும் என்கிறார்கள்.

பிள்ளை குறையோடு பிறந்துவிட்டால் மட்டும் "கிரகணத்தில் வெளியே போனாள்" என்று மருமகள் தலையில் பழி. மாத்திரை போட்டாலும் எல்லாக் குறையையும் தடுக்க முடியாது. தடுக்கக்கூடியதையும் தடுக்காமல் விட்டது யார்? அவளா?

அரசுக்கு என் கோரிக்கை ஒன்றுதான்: திருமணப் பதிவுச் சான்றிதழோடு மாத்திரை அட்டையும் கொடுங்கள். மாமியார்களே, மாமனார்களே, அதுவரை அரசுக்காகக் காத்திருக்காதீர்கள். முகூர்த்தப் புடவை எடுக்கிற செலவில் இது ஒரு செலவே இல்லை. வலிப்புக்கு மருந்து எடுப்பவர்களும், முன்பு இப்படிக் குழந்தை பிறந்தவர்களும் டாக்டரிடம் கேளுங்கள். அவர்களுக்கு அளவு வேறு.

வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருந்தால், இதை அவளிடம் படித்துக் காட்டுங்கள்.