எண் பெரிதானால் போதுமா?
ஒரு மூலக்கூறு ஒரே கணத்தில் இரண்டு ஃபோட்டான்களை விழுங்க முடியும் என்று மரியா கோப்பெர்ட் மேயர் 1931-இல் கணக்குப் போட்டுக் காட்டினார். லேசர் பிறந்த பிறகு, 1961-இல்தான் அது சோதனையில் சிக்கியது. அந்த உறிஞ்சுதிறனின் அலகுக்கே இன்று அவர் பெயர். ஸ்டில்பீன் என்ற எளிய கரிமச் சேர்மத்துக்கு அது சுமார் 12 அலகுதான். இரு முனைகளிலும் எலக்ட்ரானைத் தள்ளிக்கொடுக்கும் அமினோ தொகுதிகளைப் பொருத்தியதும் 200-ஐத் தாண்டியதாக 1998-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒளி பட்டதும் முனைகளிலிருந்து நடுவை நோக்கி மின்னூட்டம் சமச்சீராக நகர்வதே காரணம். முனைகளை இணைக்கும், ஒன்றுவிட்ட இரட்டைப் பிணைப்புகளாலான பாலம் நீண்டு, தட்டையாகவும் இருந்தால் இன்னும் தாராளமாக நகரும்.

இந்த வெற்றியே துறையை எண் மோகத்தில் தள்ளியது என்பேன். பாலம் நீள நீள மூலக்கூறு நீரில் கரைய மறுக்கிறது. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பெரும்பாலும் ஒளிர்வை இழக்கிறது. இத்தகைய மூலக்கூறுகளைச் சாயமாகக் கொண்டு உயிருள்ள திசுவைப் பார்க்கும் நுண்ணோக்கிக்கு உறிஞ்சுதிறனை ஒளிர்வுத்திறனால் பெருக்கி வரும் பலன்தான் கணக்கு. சாயம் எதுவானால் என்ன, லேசரைக் கூட்டலாமே என்பார்கள். ஒளிச்செறிவை இரட்டித்தால் சமிக்ஞை நான்கு மடங்காகும், உண்மைதான். ஆனால் ஓர் எல்லைக்கு மேல் பார்க்க வந்த செல்லே சேதமாகும். ஒளிர்வே தேவைப்படாத பயன்கள் உண்டே என்பது வலுவான மறுப்பு. பிசினை லேசரால் இறுகவைத்து நுண்வடிவங்கள் செய்வதில் ஒளிர்வு வீண்செலவுதான். ஆனால் அங்கும் விழுங்கிய ஆற்றல் பிசின் இறுகும் வினையைத் தொடங்கிவைக்க வேண்டும். வெறும் வெப்பமாகக் கரைந்தால் ஆயிரம் அலகும் வீணே.