ஒரு முறையா, பல முறையா?

முன்பெல்லாம் நம் வீடுகளில் கப்பல் பிரயாணம் என்றால், ரங்கூனுக்கோ பினாங்குக்கோ பிழைக்கப் போன தாத்தாவின் கதைதான். இப்போது தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி எல்லோருமாகச் சேர்ந்து, சும்மா ஊர் பார்த்துவிட்டு வரக் கப்பல் ஏறுகிறார்கள். சந்தோஷமான சமாசாரம். ஊருக்கு ஊர் பெட்டியைக் கட்டி அவிழ்க்க வேண்டாம். ராத்திரி படுத்து எழுந்தால் அடுத்த ஊர் வாசலில் நிற்கிறது. முழங்கால் வலிக்கும் மாமியாரை அழைத்துப் போக இதைவிடச் சௌகரியம் வேறு ஏது?

ஆனால் சகோதரிகளே, சீட்டு வாங்கியதும் காரியம் முடிந்தது என்று துணிமணி அடுக்க உட்கார்ந்துவிடாதீர்கள். ரயில் ஜோலார்பேட்டையில் நின்றால் இறங்கிக் காபி குடிக்கிறோமே, அந்த மாதிரி அல்ல கப்பல் நிற்பது. ஒவ்வொரு துறைமுகமும் ஒரு ராஜ்யத்தின் வாசற்படி.

பலரும் ஆசைப்படும் ஒரு சுற்றையே எடுத்துக்கொள்வோம். ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்தில் ஏறுகிறீர்கள். முதலில் மிக்கோனோஸ் தீவு. அடுத்து துருக்கியின் குஷாதாசி. எபேசஸ் என்ற பழைய நகரத்தின் இடிபாடுகளைப் பார்க்க அங்கேதான் இறங்குவார்கள். பிறகு ரோட்ஸ், கிரீட், சாந்தோரினி. மறுபடி பிரேயஸ். "அதற்கென்ன, கிரீஸுக்கு விஸா வாங்கிவிட்டோமே!" என்பீர்கள். அங்கேதான் இருக்கிறது சூட்சுமம்.

ஐரோப்பாவில் ஷெங்கன் என்று ஒரு கூட்டுக் குடித்தனம் நடக்கிறது. 2024-ல் பல்கேரியாவும் ருமேனியாவும் சேர்ந்த பிறகு அதில் 29 நாடுகள். வெளி வாசலில் ஒரே பூட்டு; உள்ளே அறைக்கு அறை தாழ்ப்பாள் கிடையாது. கிரீஸ் உள்ளே, துருக்கி வெளியே. குஷாதாசிக்குப் போன கப்பல் ரோட்ஸுக்குத் திரும்பும்போது நீங்கள் இரண்டாம் முறையாக வாசற்படி ஏறுகிறீர்கள். உங்கள் விஸா ஒரு முறை நுழையத்தானா, பல முறை நுழையவா?

பாஸ்போர்ட்டில் ஒட்டித் தரும் அந்தச் சீட்டில் இதற்கென்று ஒரு கட்டம் உண்டு. 01 என்று இருந்தால் ஒரு முறை. 02 என்றால் இரண்டு. 'மல்ட்' என்று ஆங்கிலத்தில் நாலெழுத்து இருந்தால் பல முறை. இத்தனூண்டு கட்டம்தான். ஆனால் பிரேயஸில் கப்பல் கம்பெனிக்காரர் முதலில் பார்ப்பது அதைத்தான். 01 என்று கண்டால் ஏற்ற மறுத்துவிடுவார். தாள்கள் சரியாக இருக்க வேண்டியது பிரயாணியின் பொறுப்பு என்றுதான் கம்பெனிகள் எழுதிக்கொள்கின்றன. பணமும் திரும்புவது துர்லபம்.

இன்னொன்றையும் கேளுங்கள். குடும்பமாக மனுப் போட்டாலும் ஒவ்வொருவர் மனுவையும் தனித்தனியாகத்தான் தீர்மானிக்கிறார்கள். நாலு பேருக்கு 'மல்ட்' கொடுத்து, பாட்டிக்கு மட்டும் 01 கொடுத்துவிட்டால்? பாட்டியைத் தெரியாத ஊரில் தனியே விட்டுவிட்டுப் போவீர்களா? எல்லோருமே கரையில் நிற்பீர்கள்.

ஆகையால் மனுவிலேயே 'பல முறை நுழைய' என்ற இடத்தில் குறியிடுங்கள், ஐந்து பேர் மனுவிலும். கப்பல் எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்தத் துறைமுகத்துக்கு வந்து, எப்போது புறப்படுகிறது என்ற அட்டவணையை வைத்து, அதில் துருக்கியை அடிக்கோடிட்டுக் காட்டுங்கள். ஏன் இரண்டாம் நுழைவு வேண்டும் என்று ஒரு பக்கத்துக்கு மிகாமல் கடிதம் எழுதுங்கள். பாஸ்போர்ட் திரும்பி வந்ததும் பீரோவில் வைத்துப் பூட்டாமல் ஐந்தையும் பிரித்துப் படியுங்கள். பிழை இருந்தால் உடனே முறையிட அப்போதுதான் அவகாசம் இருக்கும்.

என்னைக் கேட்டால், முதல் பிரயாணத்துக்கு வெளி வாசலைத் தாண்டாத கப்பலே போதும். பார்ஸிலோனா, மார்ஸேல்ஸ், ஜெனோவா, ரோமாபுரிக்கான துறைமுகம், பலெர்மோ என்று போகும் சுற்றுக்கு ஒற்றை நுழைவே காணும். நடுவில் டூனிஸ் என்று ஓர் ஊர் ஒளிந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், அது ஆப்பிரிக்கா. முன்பு போய் வந்தவர் சொல்வதையும் அப்படியே நம்ப வேண்டாம். குரோவேஷியா 2023-ல்தான் குடித்தனத்தில் சேர்ந்தது. பக்கத்து மாண்டினீக்ரோ இன்னும் வெளியே.

துருக்கிக்கு? ஷெங்கன் விஸா கையில் உள்ள இந்தியர்கள் கம்ப்யூட்டர் வழியாகவே துருக்கி விஸா பெறலாம். கப்பலில் வந்து துறைமுக நகரைச் சுற்றிவிட்டு 72 மணி நேரத்துக்குள் திரும்புகிறவர்களை விஸா இல்லாமலே அனுமதிக்கவும் அவர்கள் சட்டத்தில் இடம் உண்டு. இருந்தாலும் உங்கள் கப்பல் கம்பெனி எதைக் கேட்கிறது என்பதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் மலிவு என்று லண்டன் வழியாக விமானம் ஏறுவதானாலும் யோசியுங்கள். அங்கே விமானம் மாறுவதற்கே நம்மவர்களில் பெரும்பாலோருக்குத் தனி அனுமதி தேவை.

இனி, நம் தமிழ்க் குடும்பங்களுக்கென்றே ஏற்பட்ட தொல்லை ஒன்று. மேல்நாட்டார் கணக்கில் குடும்பம் என்றால் எல்லோருக்கும் கடைசிப் பெயர் ஒன்றே. நம் வீட்டில்? உங்கள் கணவருக்குக் கடைசிப் பெயர் அவருடைய அப்பாவின் பெயர். குழந்தைகளுக்கு உங்கள் கணவரின் பெயர். கல்யாணத்துக்கு முன்பே பாஸ்போர்ட் எடுத்திருந்தால் உங்களுக்கு உங்கள் தகப்பனார் பெயர். மாமியாருக்கு மாமனார் பெயர். ஐந்து பேருக்கு மூன்று கடைசிப் பெயர்! மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு இது ஒரே குடும்பம் என்று எப்படித் தெரியும்? பதிவு செய்த கல்யாணச் சான்றிதழும், தாய் தகப்பன் இருவர் பெயரும் உள்ள குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழும்தான் உங்களை ஒரு கயிற்றில் கட்டுகின்றன. தமிழில் மட்டும் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். அவருக்கு லீவு கிடைக்காமல் நீங்கள் மட்டும் குழந்தைகளோடு போவதானால் அவருடைய சம்மதக் கடிதம் அவசியம். இன்ஷியலையும் மறக்காதீர்கள். பாஸ்போர்ட்டில் விரித்து எழுதியிருப்பதை ஏஜெண்டு ஒற்றை எழுத்தாகச் சுருக்கிச் சீட்டுப் போட்டுவிடுவார். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

குழந்தைகளின் பாஸ்போர்ட்டைத் தனியாகப் பாருங்கள். பெரியவர்களுக்குப் பத்து வருஷம் என்றால் சிறு குழந்தைகளுக்கு ஐந்துதான். ஷெங்கன் நாடுகளை விட்டுப் புறப்படும் நாளுக்குப் பிறகு குறைந்தது மூன்று மாதமாவது அது செல்லுபடியாக வேண்டும்.

செலவு: 2024 ஜூன் முதல் விஸாக் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்குள் 45, ஆறு வயதுக்குள் இல்லை. மனு வாங்கும் நிலையத்தின் கூலி தனி. மறுத்துவிட்டால் திரும்பாது. ஆளுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாமல் வைத்திய இன்ஷூரன்ஸும் எடுக்க வேண்டும். மனுவை எந்த நாட்டிடம் போடுவது? அதிக நாள் எங்கே தங்குகிறீர்களோ அங்கே. சரிசமமாக இருந்தால் முதலில் காலடி வைக்கும் நாட்டிடம்.

ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே மனுப் போடலாம். பதினைந்து நாளுக்குள் நெருங்கிவிட்டால் கூடாது. கோடை விடுமுறைக்கு ஊரே படையெடுக்கும் ஆதலால் பொங்கல் பானையை இறக்கியதும் தொடங்கிவிடுங்கள்.

பன்னிரண்டு வயது நிரம்பியவர்கள் நேரில் போய்க் கைரேகை பதிய வேண்டும். பாட்டியின் விரல்களில் ரேகை தேய்ந்து, இயந்திரத்தில் விழாமல் போகலாம். ஐம்பது வருஷம் சாம்பலும் புளியும் போட்டுப் பாத்திரம் தேய்த்த கை அல்லவா? கலவரப்பட வேண்டாம். பதியவே முடியாதவர்களுக்கு விலக்கு அளிக்க விதி இருக்கிறது. காலையில் முதல் நேரமாகக் கேட்டு வாங்கி, அவசரப்படுத்தாமல் அழைத்துப் போங்கள். மூக்குக் கண்ணாடியை எடுத்துக்கொண்டாரா என்று வாசலிலேயே கேட்டுவிடுங்கள். கையெழுத்துப் போட வேண்டியது அவர்தான்.